சொந்தமாக யோகா வகுப்பு நடத்தினால் குடும்பம் நடக்குமா?

கேட்டிருப்பவர் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண். யோகாவில் பட்டயப் படிப்பு முடித்திருக்கிறார். குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் காலை வகுப்பு எடுக்கிறார். பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். வேலையை விட்டுவிட்டு, குரோம்பேட்டை பக்கம் ஒரு ஹால் பிடித்து முழுநேரமாக இறங்கலாமா, அதில் குடும்பம் நடக்குமா என்பது அவருடைய கேள்வி.

நடக்கும், ஆறாவது மாதத்திலும் விடாமல் வருகிறவர்கள் போதுமான அளவு இருந்தால். சென்னைப் புறநகரில் பல வருடங்களாக வகுப்பு நடத்துகிறேன். ஹால், கட்டணம், நேரம், விளம்பரம் என்று எதை முடிவு செய்தாலும், சேர்ந்தவர் தங்குவாரா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். புதிதாக ஆள் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 450 சதுர அடி ஹால், வாடகை 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் பில், கூட்டித் துடைக்கிற அம்மாவுக்குச் சம்பளம், தண்ணீர் கேன், இன்டர்நெட், அவ்வப்போது வாங்க வேண்டிய பாய், பெல்ட், ஃபேன் ரிப்பேர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 7,000. ஆக 25,000 ஹாலுக்கே போய்விடும். மாதக் கட்டணம் 1,500 என்றால் முதல் 17 பேர் கட்டுவதில் உங்களுக்கு ஒன்றும் நிற்காது. வீட்டுக்கு 30,000 கொண்டுபோக வேண்டுமானால் மொத்தம் 37 பேர் கட்ட வேண்டும்.

அந்த ஹாலில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? பாய் 6 அடிக்கு 2 அடி. கையை விரிக்கவும் காலைப் பக்கவாட்டில் நீட்டவும் இடம் விட்டால் ஒருவருக்கு 25 சதுர அடியாவது வேண்டும். அலமாரி, வாசல், செருப்பு, நீங்கள் நடமாடுகிற இடம் எல்லாம் போக 12 பேர் தாராளமாகச் செய்யலாம். 15 பேரைத் திணிக்கலாம்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் கால் தன் முகத்துக்கு நேரே வருகிற இடத்தில் ஐம்பது வயது அம்மா ஒருவர் ரொம்ப நாள் வரமாட்டார். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று நாலு வகுப்பு வைத்தால் 48 இடம். அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நிரம்பி, எல்லோரும் ஒழுங்காகப் பணமும் கட்டினால்தான் அந்த 30,000.

வாடகையை நாள் முழுவதற்கும் கொடுக்கிறோம். ஆனால் ஆட்கள் வருவது காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, மாலை ஆறிலிருந்து எட்டு வரை. நடுவில் ஹால் சும்மா பூட்டிக் கிடக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்களுக்காகப் பத்தரை மணி வகுப்பு ஒன்று வைக்கலாம். என் அனுபவத்தில் மிகவும் பற்றோடு வருவது அந்தக் கூட்டம்தான். ஆனால் மார்ச்சில் பரீட்சை, மே மாதம் ஊருக்குப் போவது என்று வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த வகுப்பு மெலிந்துவிடும்.

பருவத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முதல் வாரம் போன் ஓயாது. அப்புறம் ஜூன் 21. ஐ.நா. சபை 2014 டிசம்பரில் சர்வதேச யோகா தினத்தை அறிவித்து, 2015ல் முதல் கொண்டாட்டம் நடந்ததிலிருந்து ஜூன் மாதமும் ஒரு சீசன் ஆகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தெருவில் தண்ணீர் நின்றால் மாலை வகுப்பு பாதியாகிவிடும். மார்கழியில் விடியற்காலைக் கோலம், கோயில் என்று காலை வகுப்புக்கு வரும் பெண்கள் குறைவார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருமானம் இறங்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிச் செலவும் அதே நேரத்தில்தான் வந்து நிற்கும்.

போனில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் “மேடம், ஒரு மாசத்துல எத்தனை கிலோ குறையும்?” என்பதுதான். ஒரு எண்ணைச் சொன்னால் சேர்ந்துவிடுவார்கள், அந்த எண் வராதபோது போய்விடுவார்கள். நான் எண் சொல்வதில்லை. “ஒரு வாரம் வந்து பாருங்க, தூக்கம் எப்படி மாறுதுன்னு கவனிங்க” என்பேன். எடை குறைக்க வருகிறவர்களைவிட முதுகுவலி, கழுத்துவலி, தூக்கமின்மை, மெனோபாஸ் தொந்தரவு என்று வருகிறவர்கள் நெடுநாள் தங்குகிறார்கள். மூன்று வாரத்தில் உடம்பே அவர்களுக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறது. விளம்பரப் பலகையில் ஒட்டிய வயிறும் தலைகீழ் ஆசனமும் போட்டால் இவர்கள் ‘இது நமக்கு இல்லை’ என்று தாண்டிப் போய்விடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கும் ஒரு அறுபது வயதுக்காரர் படம் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

தங்குகிறவர் எதனால் தங்குகிறார்? காலை வகுப்புக்கு இரத்த அழுத்தம் உள்ள ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். மற்றவர்கள் தோளில் நின்று காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்துக்குப் போகும்போது நீங்கள் எதுவும் சொல்லாமல் அவர் பாயைச் சுவரோரம் இழுத்துப் போடுகிறீர்கள். முட்டியை மடித்துக் காலை ஒரு ஸ்டூல் மேல் வைக்கச் சொல்லி, தலைக்கடியில் ஒரு போர்வையை மடித்துக் கொடுக்கிறீர்கள். மொத்தம் 20 விநாடி வேலை. அவர் வீட்டுக்குப் போய் அதைத்தான் சொல்வார். அடுத்த மாதம் அவர் மனைவியும் வருவார். அதே போல, யாராவது மூன்று நாள் வரவில்லை என்றால் நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் “காணோமே, உடம்பு சரிதானே?” என்று ஒரு வரி தனியாக அனுப்புங்கள், குழுவில் வேண்டாம். ஒரு வாரம் விட்டுப்போனவருக்குத் திரும்பி வரக் கூச்சமாக இருக்கும். அந்த ஒரு வரி கூச்சத்தைப் போக்கிவிடும். நான் பார்த்தவரை எந்த ஃபேஸ்புக் விளம்பரமும் இதற்கு ஈடாகவில்லை. கூகுள் மேப்பில் உங்கள் இடம், வகுப்பு நேரம், ஹாலின் உண்மையான படங்கள் இருக்க வேண்டும். விளம்பரத்துக்கு அவ்வளவு போதும்.

அடுத்தது கட்டணம். நம் ஊரில் யோகா சொல்லித் தருகிறவர் பணம் கேட்பதற்கு ஏனோ கூசுகிறோம். கேட்கிறவர்களும் “யோகாவுக்கு இவ்வளவா?” என்பார்கள். அதே ஆள் ஜிம்முக்கு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டியிருப்பார். ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதைச் சேரும்போதே தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். “இந்த மாசம் பத்து நாள்தான் மேடம் வந்தேன், அடுத்த மாசத்துல கழிச்சுக்கலாமா?” என்பது எல்லா மாதமும் வரும். நோய், பிரசவம், துக்கம் என்றால் கழித்துக்கொள்ளலாம், மற்றபடி முடியாது. இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை. ஒருவருக்குச் சலுகை கொடுத்தது இன்னொருவருக்குத் தெரிந்தால்தான் மனக்கசப்பு.

மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 4,500க்குப் பதில் 4,000 என்று வைக்கலாம். வருடக் கட்டணம் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பணம் ஜனவரியில் வந்து பிப்ரவரியில் செலவாகிவிடும், மீதி பத்து மாதம் வருமானமே இல்லாமல் அவருக்கு வகுப்பு எடுக்க வேண்டும். நடுவில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் திருப்பிக் கொடுக்கவும் வழியிருக்காது. வசதியில்லாத ஒன்றிரண்டு பேருக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் யாருக்கு, எத்தனை பேருக்கு என்பதை நீங்கள் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அவசரத்தில் முகத்துக்காக ஒத்துக்கொள்வது கூடாது.

ஹால் பார்க்கும்போது அழகைவிடப் படிக்கட்டைப் பாருங்கள். லிப்ட் இல்லாத இரண்டாவது மாடி என்றால் முட்டிவலிக்காரர்கள் வரமாட்டார்கள். நெடுநாள் தங்கக்கூடியவர்களே அவர்கள்தான். முதல் மாடி, அகலமான படி, பிடித்து ஏறக் கம்பி, படிக்கட்டில் விளக்கு. உள்ளேயே சுத்தமான கழிப்பறையும், பெண்கள் உடை மாற்ற ஒரு தடுப்பும் வேண்டும். இரண்டு சக்கர வண்டி பத்தாவது நிறுத்த இடம் வேண்டும். யோகா வகுப்பு என்றதும் வீட்டுக்காரர்கள் சந்தோஷமாகத்தான் தருவார்கள். காலை ஐந்தேகாலுக்குக் கேட்டைத் திறந்து மோட்டார் போடும்போதுதான் பிரச்சினை தொடங்கும். சாவி யாரிடம் இருக்கும், எத்தனை மணிக்குத் திறக்கலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மின் இணைப்பையும் விசாரியுங்கள். வீட்டு இணைப்பில் வகுப்பு நடத்தக் கூடாது, வணிக இணைப்பு வேண்டும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை வணிக இணைப்புக்குக் கிடையாது, யூனிட் விலையும் கூடுதல். வீட்டுக்காரர் “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்று சொன்னால் அங்கேயே நிறுத்தி எழுத்தில் கேளுங்கள். அட்வான்ஸ் விஷயமும் அப்படித்தான். 2019ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் அது இடம் கொடுக்கிறது. அதனால் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் கேட்கப்படுகிறது. மூன்று என்று பேச்சைத் தொடங்கி, ஐந்துக்குள் முடிக்கப் பாருங்கள். எழுத்து ஒப்பந்தம் போட்டு முறையாகப் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

உள்ளே பெரிய செலவு எதுவும் வேண்டாம். மரத்தரை, கண்ணாடிச் சுவர், ஏசி இல்லாமல் வகுப்பு நன்றாகவே நடக்கும். பாயை அவரவர் கொண்டுவரட்டும். பொதுப் பாய் என்றால் வியர்வை நாற்றமும் தோல் தொற்றும் உங்கள் தலையில் விழும். மறந்து வருகிறவர்களுக்காக நாலைந்து பவானி ஜமக்காளம் வைத்திருங்கள். துவைக்கலாம், பல வருடம் உழைக்கும், கனமாகவும் இருக்கும். டைல்ஸ் தரையில் அது வழுக்கக்கூடும் என்பதால் நின்று செய்யும் ஆசனங்களுக்கு மட்டும் ரப்பர் பாய்.

‘இலவசமாக எத்தனையோ இடத்தில் சொல்லித் தருகிறார்களே’ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். கூடுவாஞ்சேரியில் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் தமிழ்நாட்டின் ஊர்களெங்கும் இருக்கின்றன. கோவையிலிருந்து ஈஷா, பெங்களூரிலிருந்து வாழும் கலை, அப்புறம் பூங்காக்களில் நடக்கும் காலை வகுப்புகள். இவர்களோடு விலையில் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். அங்கே ஒரே பயிற்சியை ஐம்பது பேர் சேர்ந்து செய்கிறார்கள். அதில் ருசி கண்டவர்தான், ‘என் முதுகுக்கு எது சரி’ என்று கேட்டுக்கொண்டு உங்களிடம் வருவார்.

சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு பெரிய மரபே இருக்கிறது. மைசூரிலிருந்து வந்து 1950களில் இங்கே தங்கிய யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், வருகிறவரின் வயது, உடல்நிலை, வேலை எல்லாம் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி அமைத்துக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரமும் தனி வகுப்பை மையமாக வைத்தே வளர்ந்தது. இதைச் சரித்திரத்துக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் தொழிலுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. வாரம் ஒரு தனி வகுப்பு, மற்ற நாட்களில் அவர் வீட்டிலேயே செய்ய எழுதிக் கொடுத்த பயிற்சி என்று வைத்தால், ஹால் காலியாகக் கிடக்கும் பகல் நேரத்துக்கு ஒரு வருமானம் வரும். பத்துப் பேர் அப்படி இருந்தாலே வாடகையின் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். கற்பிக்கிறவருக்கும் அதில்தான் உண்மையான வளர்ச்சி.

ஆனால் தனி வகுப்பு என்று வந்தால் பொறுப்பும் கூடும். சேரும்போதே ஒரு படிவத்தில் அறுவை சிகிச்சை, ரத்த அழுத்தம், சர்க்கரை, டிஸ்க் பிரச்சினை, ஹெர்னியா, கர்ப்பம், சாப்பிடும் மருந்து எல்லாம் கேட்டு வாங்குங்கள். பலரும் விட்டுவிடுகிற ஒரு கேள்வி கண் அழுத்த நோய். க்ளாக்கோமா இருப்பவர் தலையைத் தாழ்த்தும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கேட்டால் ஒழிய யாரும் தானாகச் சொல்வதில்லை. சர்க்கரையைக் குணப்படுத்துவேன், மாத்திரையை நிறுத்தலாம் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நடவடிக்கை உண்டு என்பது ஒரு பக்கம். யாராவது அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. சிகிச்சை தனிப் படிப்பு. அரும்பாக்கம் அரசுக் கல்லூரியில் யோகாவும் இயற்கை மருத்துவமும் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம் படிக்கிறார்கள். அப்படிப் படித்த மருத்துவர் ஒருவரைப் பழக்கம் செய்துகொண்டு, சந்தேகம் வந்தால் அவரிடம் அனுப்புங்கள்.

சான்றிதழ் பற்றிக் கேட்பீர்கள். யோகா கற்பிக்க உரிமம் எடுத்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் 2018லிருந்து தேர்வு நடத்துகிறது. பள்ளி, கம்பெனி, அரசு நிகழ்ச்சிகளுக்குப் போக அது உதவும். 200 மணி நேரப் படிப்பு முடித்து அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பில் பதிவதும் உண்டு. அது வெளிநாட்டு மாணவர்களுக்குத் தெரிந்த பெயர், அவ்வளவுதான். பக்கத்துத் தெருக்காரர் உங்கள் சான்றிதழைப் படிக்க மாட்டார்.

வரி விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மேலே போட்ட கணக்கில் 48 இடமும் நிரம்பினால்கூட வருடத்துக்கு 8,64,000தான் வரும். பின்னால் வளர்ந்து பதிவு செய்ய நேர்ந்தாலும், முன்பு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் யோகா மையங்களுக்கு 5 சதவீதம். உள்ளீட்டு வரி வரவு, அதாவது நீங்கள் செலவுகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி மட்டும் கிடையாது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், செய்து வையுங்கள். வங்கியில் தொழில் கணக்கு திறக்க உதவும். வருமான வரிச் சட்டம் 2015 திருத்தத்தில் யோகாவைத் தர்ம காரியங்களில் சேர்த்ததால், அறக்கட்டளையாகத் தொடங்கிவிடு என்று சிலர் யோசனை சொல்வார்கள். உங்கள் குடும்பம் இந்த வருமானத்தில் சாப்பிடப் போகிறது என்றால் அந்த வழி சரிவராது. உங்கள் ஒருவர் பெயரில் நடக்கும் சாதாரணத் தனிநபர் தொழிலாகவே இருந்தால் போதும்.

இனி உங்களைப் பற்றி. ஒரு நாளைக்கு நாலு வகுப்பு, ஒவ்வொன்றிலும் எல்லாவற்றையும் நீங்களே செய்து காட்டினால் இரண்டு வருடத்தில் தோளும் இடுப்பும் பழுதாகும். ஒருமுறை காட்டிவிட்டு எழுந்து நடந்து, வார்த்தையால் நடத்திப் பழகுங்கள். அப்போதுதான் அவர்கள் உடம்பும் உங்கள் கண்ணில் படும். லீவு இன்னொரு பெரிய பிரச்சினை. ஊரில் கல்யாணம், துக்கம், உங்களுக்கே காய்ச்சல் என்று வரத்தான் செய்யும். நீண்ட நாள் மாணவர் ஒருவரை முதல் வருடத்திலேயே தயார் செய்யத் தொடங்குங்கள். வகுப்புக்கு இவ்வளவு என்று கையோடு சம்பளம் கொடுங்கள், “சேவையா வந்து எடுத்துக் குடும்மா” என்று கேட்காதீர்கள். அவர் ஒரு நாள் பக்கத்துத் தெருவில் தனியாக ஆரம்பித்து நாலு பேரைக் கூட்டிப் போகலாம். மனசு வலிக்கும்தான். அதற்குப் பயந்து யாரையும் வளர்க்காமல் இருந்தால் பத்து வருடத்துக்கு ஒரு நாள் லீவு எடுக்க முடியாது.

2020 மார்ச்சில் பொது முடக்கம் வந்தபோது யோகா மையங்களுக்கு ஆகஸ்ட் வரை பூட்டு. வாடகை நிற்கவில்லை. அப்போது கட்டாயத்தில் தொடங்கிய ஆன்லைன் வகுப்பு இன்றும் பலருக்குக் கை கொடுக்கிறது. இங்கே காலை 6 மணி என்றால் கலிபோர்னியாவில் கோடைக்கால நேரப்படி முந்தைய நாள் மாலை ஐந்தரை. ஆபீஸ் முடித்து வரும் அங்குள்ள தமிழர்களுக்குத் தமிழில் சொல்லித் தருகிற ஆள் வேண்டியிருக்கிறது. ஹால் வகுப்போடு சேர்த்து ஒரே நேரத்தில் கேமராவிலும் எடுக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பக்கமும் கவனம் சிதறும். தனி நேரம் ஒதுக்கி, எட்டுப் பேருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? வேலையை உடனே விட வேண்டாம். உங்கள் பகுதியில் பரதநாட்டியமோ பாட்டோ சொல்லித் தரும் டீச்சரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். அவர்களுக்குப் பள்ளி விட்ட பிறகுதான் வகுப்பு, காலையில் ஹால் சும்மா கிடக்கும். மூன்றில் ஒரு பங்கு வாடகைக்குக் காலை நேரம் கிடைத்தால் அவர்களுக்கும் உதவி, உங்களுக்கும் அட்வான்ஸ் தொல்லை இல்லை. இரண்டு காலை வகுப்பு நடத்துங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு மாதமும் இரண்டே எண்கள் எழுதுங்கள்: புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை, ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து பணம் கட்டுகிறவர் எத்தனை. இரண்டாவது எண் 20ஐத் தொட்டு, ஒரு மழைக்காலத்தைத் தாண்டியும் கீழே இறங்காமல் நின்றால், ஆறு மாத வாடகையைத் தனியாக வங்கியில் போட்டுவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். அந்த எண் 10லேயே நின்றால் வேலையையும் காலை வகுப்பையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பின் தரத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது.